மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ்

நுழையும்முன்

திருவனந்தபுரத்தில் 1981ஆம் ஆண்டு முதல் மண்டலப் புற்றுநோய் மையம் இயங்கி வருகிறது. அதற்குப் பல்லாண்டுகள் முன்பே இந்நகரில் புற்றுநோயை எதிர்த்துப் போராட ஒரு நிலையத்தை நிறுவியவர் ஒரு பெண் மருத்துவர். அவருடைய வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் கல்வியும்

மேரி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் கோட்டயத்தை அடுத்த அய்மனம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் புன்னன், திருவிதாங்கூர் அரண்மனையில் மருத்துவராகப் பணியாற்றியவர். தந்தையைப் போலத் தாமும் மருத்துவராக வேண்டும் என்பது மேரியின் வேட்கை. ஆனால், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பெண் என்னும் காரணத்தால் அவருக்கு அறிவியல் பிரிவில் இடம் தர மறுத்தது. மேரி மனந்தளரவில்லை, வரலாற்றைப் பாடமாக ஏற்று, 1909இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கடல் கடந்து இலண்டன் சென்று, 1915இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கேரளப் பெண்களுள் அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

தைக்காட்டு மருத்துவமனை

1916இல் தந்தையார் மறைந்தார். தாயகம் திரும்பிய மேரி, திருவனந்தபுரம் தைக்காட்டில் உள்ள மகளிர் மருத்துவமனையில் பணியேற்றார். அடுத்த ஆண்டு வழக்கறிஞர் லூக்கோஸ் என்பவரை மணந்தார். அக்காலத்தில் மகப்பேற்றுக்காக மருத்துவமனைக்குச் செல்ல மக்கள் அஞ்சினர். மேரி அவர்களை இகழவில்லை. தம் முதற் குழந்தையை அம்மருத்துவமனையிலேயே பெற்றெடுத்து, மக்களின் அச்சத்தைப் போக்கினார். ஊர் மருத்துவச்சியரைப் பகைக்காமல், அவர்தம் பிள்ளைகளுக்கு மகப்பேற்றுப் பயிற்சி அளித்து, அவர்களின் ஆதரவையும் பெற்றார்.

1924இல் அவர் அரண்மனை மருத்துவரானார். திருவிதாங்கூர்ச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் என்னும் சிறப்பும் அவருக்கு உண்டு. 1938இல் அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக உயர்ந்தார். 32 அரசு மருத்துவமனைகளும் 40 அரசு மருந்தகங்களும் 20 தனியார் நிலையங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. அறிவியல் வகுப்பில் இடம் மறுக்கப்பட்ட பெண்ணின் கையில் ஒரு நாட்டின் மருத்துவத் துறையே வந்து சேர்ந்தது.

இரண்டு நிலையங்கள்

மேரி நிறுவியவற்றுள் இரண்டு நிலையங்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் அமைந்த காசநோய் மருத்துவமனை. மற்றொன்று, திருவனந்தபுரத்தில் அமைந்த எக்ஸ்ரே, ரேடியம் நிலையம்.

காசநோயை ஒழிக்கும் மருந்து அப்போது கண்டறியப்படவில்லை. தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே முதன்மைச் சிகிச்சை. நோயாளியைத் தனியே வைத்துப் பேணுவதால் நோய் பிறருக்குப் பரவுவதும் குறைந்தது. புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சுமே துணை. ரேடியத்தின் கதிர்கள் கட்டியின் உயிரணுக்களை அழிக்கும். எனினும், கதிர் படும் இடத்தில் மட்டுமே அதன் ஆற்றல் செல்லும். உடலின் வேறிடங்களுக்குப் பரவிய நோயை அதனால் தொட இயலாது.

உடலுக்குள்ளேயே காவற்படை ஒன்று இருக்க, இந்நோய்கள் எவ்வாறு வளர்கின்றன? காசநோய்க் கிருமி, தன்னை விழுங்க வரும் காவல் உயிரணுவினுள்ளேயே பதுங்கி வாழ வல்லது. புற்றுநோய் உயிரணுவோ வெளியிலிருந்து வந்த பகை அன்று. உடலின் சொந்த உயிரணுவே மாறிப் பெருகுவது. ஆதலால், காவற்படை அதனைப் பகையென எளிதில் உணர்வதில்லை. உணர்ந்து நெருங்கினாலும், சில கட்டிகள் தம் மேற்பரப்பில் ஒரு வகைப் புரதத்தைத் தாங்கி நின்று, தாக்க வரும் உயிரணுக்களை அடக்கிவிடுகின்றன.

இவ்விரு நோய்களின் வரலாறும் பின்னர் ஓரிடத்தில் இணைந்தன. காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள கிருமி. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றுநோய்க்கு அதனையே மருந்தாகச் செலுத்திக் கண்ட பயனை, கனடா நாட்டு மருத்துவர்கள் 1976இல் வெளியிட்டனர். கிருமியைக் கண்டு விழித்தெழும் காவற்படை, அங்குள்ள புற்றுநோயையும் தாக்குகிறது. இன்றும் இச்சிகிச்சை வழக்கில் உள்ளது. ஆயினும், சிலருடைய கட்டிகள் இதற்கும் பணிவதில்லை. ஒளிந்திருந்து மீண்டும் தோன்றுகின்றன. அவ்வாறு தப்பும் வழிகளை அறிவதே இன்றைய ஆய்வாளர்களின் பெரும்பணி.

நிறைவு

1975இல் இந்திய அரசு மேரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பி.சி.ஜி. சிகிச்சையின் பயன் உலகறிந்த அதே 1976ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் அவர் மறைந்தார். தம் காலத்து மருத்துவம் முழுமையற்றது என்பதற்காக அவர் காத்திருக்கவில்லை. கைக்கு எட்டிய கருவியைக் கொண்டு நோயாளிக்கு இயன்றதைச் செய்தார். அடுத்த தலைமுறை மேலும் செய்வதற்கு இடம் அமைத்துத் தந்தார்.

சொற்பொருள்

வேட்கை – பெருவிருப்பம்
இகழ்தல் – தாழ்வாகப் பேசுதல்
பேணுதல் – பாதுகாத்தல்
வல்லது – ஆற்றல் உடையது

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. மேரி ______ ஆம் ஆண்டு அரசின் தலைமை மருத்துவ அதிகாரியானார்.
2. காசநோய் மருத்துவமனை ______ என்னும் ஊரில் அமைந்தது.

ஆ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. மேரி வரலாற்றைப் பாடமாக ஏற்றது ஏன்?
2. ரேடியம் சிகிச்சையின் குறை யாது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மருத்துவமனையை மக்கள் நாடுவதற்கு மேரி மேற்கொண்ட வழிகளை எழுதுக.
2. புற்றுநோய் உயிரணு உடலின் காவற்படையிடமிருந்து தப்புவது எவ்வாறு?

ஈ. பிரித்து எழுதுக.
1. நல்லுணவு
2. காவற்படை