பஞ்சாங்க வீட்டுப் பிள்ளை கண்ட விண்மீன்

1856-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி. தென் இந்தியாவின் முதல் ரெயில் ராயபுரத்தில் இருந்து புறப்பட்டது. வியாசர்பாடி வயல்களைத் தாண்டி, பெரம்பூர் வழியாக ஆற்காட்டுச் சீமையை நோக்கிப் புகை கக்கிக்கொண்டு ஓடியது.

ரெயில் வந்தபின் மணி பிசகக் கூடாது. சரியான மணியைச் சொல்ல நுங்கம்பாக்கத்தில் ஓர் இடம் இருந்தது. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாராய்ச்சிக் கூடம் அது. பிற்காலத்தில் நாட்டின் ரெயில்கள் பலவும் "சென்னை நேரம்" பார்த்தே ஓடின. இன்றைய இந்திய நேரத்துக்கு அது சுமார் 9 நிமிடம் பிந்தியது.

அந்தக் கூடத்தில் இரவெல்லாம் கண் விழித்தவர்களில் ஒருவர், சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்.

அவர் பிறந்தது பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து அங்கங்களும் சேர்ந்ததே பஞ்சாங்கம். வாரம் என்பது கிழமை. திதி என்றால் என்ன? சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. பதினைந்து திதி வளர்ந்தால் பவுர்ணமி. பதினைந்து தேய்ந்தால் அமாவாசை. சந்திரன் செல்லும் வழியை 27 பங்காக்கினால், ஒவ்வொரு பங்கும் ஒரு நட்சத்திரம். இந்தச் சொற்கள் எல்லாம் அவருக்குப் பிள்ளைப் பருவப் பாடம்.

இளமையிலேயே அவர் நுங்கம்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம் தலைக்கு நேர் மேலே, வடக்கு தெற்காக வானத்தில் ஒரு கோடு கிழித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உச்சிக்கோடு. ஒரு விண்மீன் அந்தக் கோட்டைத் தாண்டும் நொடியைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறிக்க வேண்டும். அதைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்தலாம். விண்மீனின் இடத்தையும் அறியலாம். இப்படி 5,000-க்கு மேற்பட்ட விண்மீன்களின் பட்டியல் சென்னையில் உருவாயிற்று. அதில் பெரும் உழைப்பு ரகுநாதாச்சாரியாருடையது. 1861-ல் தலைவராக வந்த போக்சன் துரை, இவரையே முதல் உதவியாளர் ஆக்கினார்.

மங்கி ஒளிரும் மீன்

1867 ஜனவரி. தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே இருந்த ஒரு விண்மீன் அவர் கருத்தைக் கவர்ந்தது. அதன் ஒளி ஒரே அளவில் இல்லை! ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்கு ஒரு முறை அது பிரகாசம் அடைந்து, பிறகு மங்கிப் போகிறது. இத்தகைய மீனுக்கு மாறொளி விண்மீன் என்று பெயர். ஆர் ரெட்டிகுலி என்ற அந்த மீனைக் கண்டுபிடித்தவர் என்ற புகழ் சென்னைக்காரருக்குக் கிடைத்தது. 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது.

ஆனால் அவர் மனத்தை அரித்தது வேறு ஒரு கவலை. ஊரில் வழங்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும். கிரகணமோ வேறொரு நேரத்தில் பிடிக்கும். காரணம் என்ன? பழைய கணக்கை எண்களுக்குப் பதில் எழுத்துகளாக மாற்றி, வரிகளாக மனப்பாடம் செய்து வந்தார்கள். அந்த வரிகளுக்கு வாக்கியம் என்று பெயர். பல நூறு ஆண்டில் சிறு பிழையும் பெரிதாகும் அல்லவா? கண்ணால் கண்டதைக் கொண்டு கணக்கைத் திருத்துவதே திருக்கணிதம். இதில் உள்ள "திருக்" மரியாதைச் சொல் அல்ல. பார்வை என்ற பொருள் தரும் வடசொல். பலர் இன்றும் திருவான கணிதம் என்றே நினைக்கிறார்கள்!

பார்வைக் கணக்கின்படி ரகுநாதாச்சாரியார் பஞ்சாங்கம் வெளியிட்டார். முன்னோர் கணக்கில் கை வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர் முன்னோரை இகழவில்லை. அவர்களும் வானத்தைப் பார்த்துத்தானே எழுதினார்கள் என்பது அவர் கட்சி. 1868 ஆகஸ்டு 18-ந்தேதி முழுச் சூரிய கிரகணத்தின்போது வனபர்த்திக்கே குழுவுடன் சென்று கண்டு வந்தவர் அவர்.

சூரியன் மேல் கரும்புள்ளி

1874 டிசம்பர் 9-ந்தேதி ஓர் அபூர்வக் காட்சி வர இருந்தது. வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே, கரும்புள்ளி போல நகரும். அதை அளந்து சூரியன் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று அறிய உலக அறிஞர்கள் காத்திருந்தார்கள்.

இதை நம் மக்களுக்கு எப்படிச் சொல்வது? காசிமேட்டு மீனவர் விடியலில் பார்த்தால் அது விடிவெள்ளி. மாலையில் தெரிந்தால் அந்தி வெள்ளி. ஜோதிடர் வாயில் சுக்கிரன். வெள்ளைக்காரர் வாயில் வீனஸ். நாலு பேரும் சொல்வது ஒன்றையே என்று தெரியாவிட்டால் மற்றது எப்படி விளங்கும்?

ரகுநாதாச்சாரியார் ஒரு சிறு புத்தகம் எழுதினார். கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவருமாக நடக்கும் உரையாடல் அது. ஆங்கிலத்தில் மட்டும் அல்ல. கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் வந்தது. கன்னடப் புத்தகத்துக்கு, சுக்கிரன் பிடித்த சூரிய கிரகணம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். கிரகணம் என்றால் பாமரருக்கும் தெரியும். தெரிந்த சொல்லை ஏணியாக வைத்துத் தெரியாததற்கு ஏற்றிவிட்டார்.

ஜோதிஷ சிந்தாமணி என்று புதிய வானியலை விளக்கும் பெரிய நூல் ஒன்றும் வெளியிட விரும்பினார். அந்த ஆசை நிறைவேறவில்லை. சுமார் 40 ஆண்டு பணி செய்த அவர், 1880 பிப்ரவரி 5-ந்தேதி காலமானார். 1882-ல் வெள்ளி மறுபடி சூரியனைக் கடந்தபோது அவர் இல்லை. அதற்குப் பின் 2004-லும் 2012-லும் நாம் கண்டோம். அடுத்தது 2117-ல்.

வானாராய்ச்சி 1899-ல் கொடைக்கானலுக்குப் போயிற்று. நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில், பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இருக்கிறது. அதில் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.