பள்ளி ஆய்வாளர் ஆர்னால்டு

‘டோவர் கடற்கரை’ பாடிய கவிஞராகவே மாத்யூ ஆர்னால்டை (1822–1888) வகுப்பில் அறிந்திருந்தேன். மணம் புரிய நிலையான வருவாய் வேண்டி 1851-இல் பள்ளி ஆய்வாளர் வேலையை ஏற்று, 35 ஆண்டுகள் இங்கிலாந்தில் ஊர் ஊராய் அலைந்தவர் அவர் என்பது நூலகத்தில்தான் தெரிந்தது.

1862-இல் இராபர்ட் லோ புதிய மானிய விதிகளைக் கொண்டுவந்தார். ஆறு வயது கடந்த ஒவ்வொரு பிள்ளையையும் ஆய்வாளர் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். மூன்றிலும் தேறினால் பள்ளிக்குத் தலைக்கு 8 ஷில்லிங்; ஒன்றில் தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். பல இடங்களில் ஆசிரியர் ஊதியமும் இதனோடு கட்டுண்டது. ஆர்னால்டு தம் துறையின் விதியையே எதிர்த்து அவ்வாண்டே ஓர் இதழில் கட்டுரை எழுதினார். பயன் இல்லை.

அஞ்சியதே நடந்தது. பிள்ளைகள் வாசகப் புத்தகத்தை நெட்டுருப் போட்டு, பொருள் அறியாமலே ஒப்பித்துத் தேறினர். (நான் பயின்ற தொடக்கப்பள்ளியில், ஆய்வாளர் வரும் நாளில் விடை தெரிந்தவன் வலக்கையும் தெரியாதவன் இடக்கையும் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு!) தம் அறிக்கைகளில் இதை விடாமல் கண்டித்தார். ஆயினும் அந்தத் தேர்வுகளை நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். குடும்பம் இருந்தது, வேலையை விடவில்லை. அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 1890-இல்தான் அம்முறை பெருமளவு கைவிடப்பட்டது.