58 வயதில் ரிட்டயர்டு, 11 படுக்கைகளுடன் ரீஸ்டார்ட்! - முதியோர் கண்களுக்காக ஒரு மதுரை டாக்டர் போட்ட கணக்கு

உச்சிப்புளியில் உங்கள் அப்பத்தா தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் உங்கள் முகம் அவருக்குத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். வாசப்படியில் ரெண்டு தடவை கால் இடறிவிட்டது. கேட்டால், வயசாயிடுச்சுல்ல என்று முடித்துவிடுவார். நீங்களும் சரின்னு போனை வச்சிடுவீங்க.

இந்தப் பதிலை ஏற்காத ஒருவர் மதுரையில் இருந்தார். டாக்டர் ஜி.வெங்கடசாமி. எல்லோருக்கும் 'டாக்டர் வி'.

1918 அக்டோபர் 1-ம் தேதி வடமலாபுரம் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் படிப்பை முடித்து, ராணுவ மருத்துவரானார். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை. ஆனால், 30 வயதில் முடக்குவாதம் தாக்கியது. விரல்கள் கோணிப்போயின. நிற்கவும் பேனா பிடிக்கவும் முடியாமல் படுக்கையில் கிடந்தார். முதுமையில் வரும் இயலாமையை இளமையிலேயே பார்த்துவிட்டார் மனிதர்.

எழுந்தவர் கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் நடத்தினார். வாழ்நாளில் அவர் செய்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

1976-ல், 58 வயதில் ஓய்வு. அதே ஆண்டு வீட்டை அடமானம் வைத்து, உடன்பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர் போட்ட கணக்கு சிம்பிள். வயதானவர்கள் பெருகப் பெருக கண்புரையும் பெருகும். டாக்டர்கள் அதே வேகத்தில் பெருக மாட்டார்கள். அப்போ, டாக்டரின் நேரத்தை மிச்சப்படுத்தணும். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பரிசோதனை முதல் தயார்படுத்துவது வரை அவர்களிடம் ஒப்படைத்தார். ஒருவருக்கு ஆபரேஷன் முடிவதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவர் ரெடி. வசதியுள்ளவர் கட்டும் பணத்தில் இல்லாதவருக்கும் சிகிச்சை. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லையா? 1992-ல் மதுரையிலேயே 'அரோலேப்' என்ற பெயரில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது.

ஆனாலும் ஒரு சிக்கல். கண் பிரச்னை உள்ள 100 பேரில் 7 பேர்கூட இலவச முகாமுக்கு வரவில்லை என்று ஓர் ஆய்வு சொன்னது. சிகிச்சை இலவசம்தான், ஆனால் பஸ்ஸுக்கு யார் காசு கொடுப்பது? கூட யார் வருவது? முகாமிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு இதற்காகத்தான். பின்னாளில் சின்ன ஊர்களிலேயே பார்வை மையங்கள் வந்தன. அங்கிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாக டாக்டரிடம் ஆலோசனை பெறலாம்.

டாக்டர் வி திருமணம் செய்துகொள்ளவில்லை. 2006 ஜூலை 7-ல், 87 வயதில் மறைந்தார்.

அவர் கணக்கு இப்போது நமக்கு இன்னும் அவசரம். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011-ல் 100-க்கு 10 பேர். 2031-ல் 18 பேர் இருப்பார்கள் என்கிறது மத்திய அரசின் கணிப்பு. கண் மட்டுமல்ல, சுகர், பிரஷர், மூட்டுவலி எல்லாம் சேர்ந்து வரும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தனி மருத்துவமனை இருக்கிறது. ஆனால், உச்சிப்புளி அப்பத்தாவுக்கு கிண்டி ரொம்பத் தூரம். பக்கத்திலேயே சிகிச்சை வேண்டும். அதற்கு, டாக்டர் வி செய்ததுபோல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வேண்டும்.

கூடப் போக ஓர் ஆளும் வேண்டும். அது நீங்கதான்! அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அப்பத்தாவை ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர் காலண்டரில் தேதி பார்க்கச் சொல்லுங்க. அப்புறம் அடுத்த கண். தெரியலைன்னா, லீவை ரெண்டு நாள் நீட்டிச்சு, அவங்களைக் கூட்டிட்டுக் கிளம்புங்க.