உளியை நிலைநிறுத்திய கொல்லர்

லேத் பட்டறையில் வேலை பழகுகிறவனுக்கு முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று, உளியின் முனையைச் சுழலும் இரும்பின் மையத்துக்கு நேராக வைப்பது. முனை மேலே ஏறினால் இரும்பை வெட்டாமல் தேய்க்கும். கீழே இறங்கினால், முகப்பைக் கடையும்போது நடுவில் சிறு குமிழ் மிஞ்சும்.

முன்பெல்லாம் உளியைக் கையால் பிடித்தே கடைந்தார்கள். கை சோர்ந்தால் உயரம் மாறும், வேலை கெடும். இந்தத் தொல்லையைத் தீர்த்தவர்களில் தலையாயவர் ஹென்றி மாட்ஸ்லே.

1771-ல் இங்கிலாந்தில் உல்விச் என்ற ஊரில் பிறந்தார். 12 வயதில் ஆயுதச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் வேலை. பிறகு தச்சுப் பட்டறை. மனமோ கொல்லுலையையே நாடியது, அங்கே மாற்றப்பட்டார். 18 வயதில் லண்டனில் பூட்டுகள் செய்து புகழ் பெற்ற ஜோசப் பிராமாவிடம் சேர்ந்து, மேஸ்திரியாக உயர்ந்தார்.

குடும்பம் பெருகிற்று. வாரம் 30 ஷில்லிங் போதவில்லை. கூட்டிக் கேட்டார், பிராமா மறுத்துவிட்டார். 1797-ல் வெளியேறிச் சொந்தப் பட்டறை வைத்தார்.

1800-ஐ ஒட்டி அங்கே உருவாயிற்று, திருகு மரை வெட்டும் அவருடைய லேத். உளியை இறுகப் பற்றி நேர்கோட்டில் நகர்த்தும் தாங்கிதான் அதன் உயிர். மையத்துக்கு ஒருமுறை சரிபார்த்து முடுக்கினால் போதும், உயரம் பிசகாது. ஒரே அளவான மரைகளைத் திரும்பத் திரும்ப வெட்ட முடிந்தது.

1831-ல் மாட்ஸ்லே மறைந்தார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரைகளுக்குப் பொது அளவை முன்மொழிந்தார். கூலி உயர்வு மறுக்கப்பட்டவரின் பட்டறை, உலகத்துக்கே பள்ளிக்கூடமாயிற்று.