தொழில் யாதெனக் கேட்ட மருத்துவர்

தொல்காப்பியர் உரியியலிலே ஓசையைக் குறிக்கும் சொற்களை எடுத்தோதுமிடத்து, அழுங்கல் என்னும் சொல்லையும் அவற்றோடு சேர்த்துக் கூறுவர். அவ்வளவில் நில்லாது, அச்சொல்லுக்கு இரக்கம், கேடு என வேறு பொருள்களும் உண்டு என்று உடனே உணர்த்துவர். இரைச்சலையும் துயரையும் கேட்டினையும் ஒரு சொல்லுள் அடக்கிய பழந்தமிழரின் நுண்ணுணர்வை மாணவர்க்கு எடுத்துச் சொல்லிப் பல்லாண்டு மகிழ்ந்தவன் யான். ஆயினும், அச்சொல்லின் முழுப்பொருளை எனக்குப் புலப்படுத்தியவர் உரையாசிரியர் எவரும் அல்லர்; பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளி ஒருவரே ஆவர்.

பதுளையில் யான் கற்பிக்கும் வகுப்பிலே ஒரு மாணவன் இருந்தான். வாய் திறந்தால் உரத்த குரலிலேயே பேசுவான். மெல்லப் பேசுமாறு பலமுறை கடிந்தும் பயன் இல்லாமையால், அவன் தந்தையாரை அழைத்துவரச் சொன்னேன். அவரும் ஒருநாட் கூலியை இழந்து வந்து நின்றார். யான் மகனுடைய பாடத்தைப் பற்றிக் கேட்டேன். அவரோ தம் வீட்டு மாட்டைப் பற்றி விடை கூறினார். வகுப்புச் சிரித்தது, என் உதட்டிலும் முறுவல் தோன்றிற்று. அப்போது அச்சிறுவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அப்பா முப்பது வருடமாக ஸ்டோரில் ரோலர் அருகே வேலை செய்கிறார், அவருக்குக் காது கேளாது, வீட்டிலே நாங்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம் என்றான். தோட்டத்தார் ஸ்டோர் என வழங்குவது தேயிலைத் தொழிற்சாலையை.

கேள்வி என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகின்ற யான், அச்சிறுவனின் தந்தை என்ன தொழில் செய்கின்றார் என்று ஒரு நாளேனும் கேட்டேனல்லேன். அந்த நாணமே, அக்கேள்வியை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மருத்துவ உலகிற்குக் கற்பித்த ஒரு பெரியாரின் வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படும் பெர்னாடினோ இரமசினியே அப்பெரியார்.

இத்தாலி நாட்டின் வடபாகத்தில், மோதேனா நகருக்கு அணித்தாயுள்ள கார்ப்பி என்னும் சிற்றூரில் 1633ஆம் ஆண்டு இரமசினி பிறந்தார். பார்மாப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் மருத்துவமும் பயின்று 1659இல் பட்டம் பெற்றார். பின்னர் உரோமாபுரிக்குச் சென்று அனுபவம் பெற்று, அந்நகருக்கு வடக்கேயுள்ள சிற்றூர்களில் மருத்துவம் புரியலானார். அப்பகுதி மலேரியாக் காய்ச்சலுக்கு உறைவிடமாய் இருந்தது. பிறர் நோயைத் தீர்க்கச் சென்ற இளமருத்துவர் தாமே அக்காய்ச்சலுக்கு இரையாகிச் சொந்த ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. ஒருவன் வாழும் இடமும் செய்யும் வேலையுமே அவன் உடம்பை ஆக்குவனவும் அழிப்பனவும் ஆம் என்னும் உண்மையை அவர் தம் உடம்பிலேயே கற்றுக்கொண்டார் எனலாம்.

உடல் தேறிய பின் அவர் மோதேனாவிற் குடியேறினார். 1682இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக அமர்த்தப்பெற்றார். கொள்ளைநோய்களை ஆண்டுவாரியாகக் குறித்து ஆராய்ந்தார். மோதேனாவின் ஊற்றுக் கிணறுகளைப் பற்றி 1691இல் ஒரு நூலும் எழுதினார். இவ்வளவோடு நின்றிருப்பின், அவர் அக்காலத்துக் கல்விமான்களுள் ஒருவராய் மறைந்திருப்பார். அவரை வேறொரு வழியிற் செலுத்தியவன் மலக்குழி துப்புரவு செய்யும் ஓர் ஏழைத் தொழிலாளி.

அக்காலத்து மோதேனாவில் வீட்டு மலக்குழிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள்வைத்து வாருவது வழக்கம். இரமசினியின் வீட்டில் அவ்வேலை நடந்தபோது, தொழிலாளி ஒருவன் மூச்சுவிடவும் பொழுதின்றி விரைந்து விரைந்து வாரிக்கொண்டிருந்தான். அதனைக் கண்டு இரங்கிய பேராசிரியர், ஏன் இத்துணை விரைவு, சற்றே இளைப்பாறிச் செய்யலாகாதா என வினவினார். அவன் தன் கண்களை உயர்த்திக் காட்டி, இக்குழியுள் நான்கு மணிநேரத்துக்கு மேல் தங்கினவன் கண்ணை இழப்பான் என்றான். வேலை முடிந்ததும் வீட்டிற்குச் சென்று, இருட்டறையிற் கதவடைத்திருந்து, மறுநாள் வரை கண்களை நீரால் ஒற்றுவதே தாங்கள் அறிந்த மருந்து என்றும் சொன்னான். அதன்பின் இரமசினி நகர வீதிகளில் இரந்துண்ணும் குருடர்களைக் கண்டு விசாரித்தார். அவருட் பலர் முன்பு அத்தொழில் செய்தவரே என அறிந்தார்.

அன்று தொட்டு அவர் கொல்லர் பட்டறையிலும், குயவர் சாலையிலும், மாவரைக்கும் ஆலையிலும் சென்று, அவர்தம் வேலையை நேரிற் கண்டும் கேட்டும் எழுதலானார். பேராசிரியர் ஒருவர் கைவினைஞரின் புகைபடிந்த கொட்டில்களுட் புகுவது இழிவென உயர்ந்தோர் கருதிய காலம் அது. அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றிய அவருடைய பெருநூல் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட தொழில்களையும் அவை விளைக்கும் நோய்களையும் ஒன்றொன்றாக எடுத்துரைக்கும் நூல் அது. ஐந்தாண்டுகளுள் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது.

அந்நூலின் உயிர்நிலையாய் அமைந்தது ஒரு சிறு வினா. நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கிரேக்க மருத்துவப் பேரறிஞர் ஹிப்போக்கிரட்டீஸ் வகுத்துச் சென்றிருந்தார். அவற்றோடு இன்னும் ஒன்றைச் சேர்த்தல் வேண்டும், நீ செய்யும் தொழில் யாது என்பதே அது, என இரமசினி விதித்தார். நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் நெறி. நோயாளியின் அளவு என்பதற்கு வயது, உடல்வலி, மனநிலை எனப் பொருள் விரிப்பது வழக்கம். அவன் நாள்தோறும் எந்த இயந்திரத்தின் முன் நிற்கின்றான் என்பதும் அவ்வளவினுள் அடங்கும் என்று யான் இப்போது மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன்.

செவியைப் பற்றி இரமசினி எழுதிய பகுதி நமக்கு மிகவும் வேண்டப்படுவது. வெனிஸ் நகரிலே செம்புக் கன்னார் யாவரும் ஒரே சேரியில் வாழ்ந்தனர். விடியல் முதல் அந்தி வரை செம்புத் தகட்டைச் சம்மட்டியால் அடித்துப் பாத்திரம் வனைவதே அவர் தொழில். அப்பேரிரைச்சலைத் தாங்கமாட்டாது மற்றையோர் எவரும் அங்குக் குடியிருப்பதில்லை. அக்கன்னார் முதலிற் செவிமந்தம் உற்று, முதுமையில் முழுச்செவிடராவதை இரமசினி கண்டார். இடையறாத ஓசையாற் செவிப்பறை தன் இயல்பான விறைப்பை இழந்துவிடுகின்றது என அவர் காரணம் கூறினார். நைல் நதியின் பேரருவிகளுக்கு அருகில் வாழ்வோர் நீரிரைச்சலாற் செவிடாவர் என வழங்கும் பழஞ்செய்தியையும் ஒப்புக் காட்டினார். துன்ஹிந்த அருவியின் அடியில் நின்று பேச முயன்ற பதுளை மக்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. சக்கரமும் திரிகைக் கல்லும் எழுப்பும் ஓசையால் மாவாலைத் தொழிலாளரும் செவிமந்தம் உறுவதை அவர் குறித்தார். இத்தகைய தொழில் செய்வோர் காதினுட் பஞ்சை அடைத்துக்கொள்ளல் நன்று என்பது அவர் சொன்ன பரிகாரம்.

நூல் வெளியான 1700ஆம் ஆண்டிலேயே அவர் புகழ்பெற்ற பாதுவாப் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. பிறர் ஓய்வை நாடும் பருவத்திற் புதிய ஊரில் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். காலப்போக்கிற் கண்ணொளி மங்கிற்று. பிறரைக் கொண்டு படிப்பித்தும் எழுதுவித்தும் வேலை செய்தார். 1713இல் மேலும் பல தொழில்களைச் சேர்த்து நூலை விரித்து வெளியிட்டார். அடுத்த ஆண்டு, 1714 நவம்பர் 5ஆம் நாள், எண்பத்தொரு வயதிற் பாதுவாவில் உயிர்நீத்தார். இறுதிவரை ஆசிரியராகவே வாழ்ந்தார் என்பது என் போன்றார்க்கு உவகை தருவது.

இரமசினி செவிப்பறையிற் கண்ட கேடு, உண்மையில் அதற்கும் உட்புறத்தே நிகழ்வது எனப் பின்வந்த அறிவியலார் கண்டனர். நத்தைக் கூட்டினை ஒத்த உட்செவியில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் உள. பேரோசை அவற்றைச் சிதைக்கின்றது. சிதைந்தவை மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. நொடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய மேல்நிலை ஓசைகளை உணரும் ஆற்றலே முதலில் அழியும். ஆதலால் உயிரெழுத்துக்களின் ஓசை நெடுங்காலம் கேட்க, க, ச, த, ப என்னும் வல்லினத்தின் ஓசை முன்னரே மறைந்து போகின்றது. காலும் பாலும் சாலும் ஒன்றாய் ஒலிக்கும். உயிர் நிற்க மெய் அழிவது ஒரு விந்தை. செவி கெட்டார்க்கோ அது நாள்தோறும் நேரும் துன்பம். என் முன் நின்ற அத்தொழிலாளி பாடத்தை மாடு எனக் கொண்டது அறியாமையால் அன்று. ரோலரின் இரைச்சல் அவ்வெழுத்துக்களை அவரிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டமையாலே ஆம்.

கேடு செவியளவில் நிற்பதும் இல்லை. இடையறாத இரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். நெஞ்ச நோய்க்கு வழி வகுக்கும். பிள்ளைகளின் கற்கும் ஆற்றலைக் குறைக்கும். எட்டு மணிநேர வேலைக்கு 85 டெசிபெல்லே எல்லை என வல்லுநர் வகுத்துள்ளனர். அதற்குமேல் மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் பொறுக்கத்தகு நேரம் பாதியாகக் குறையும்: 88இற்கு நான்கு மணி, 91இற்கு இரண்டு மணி. வகுப்பறையில் 35 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சல் ஆகாது என உலக சுகாதார நிறுவனம் 1999இல் அறிவுறுத்திற்று. நம் பதுளைப் பள்ளிகளில் எத்தனை அந்த எல்லைக்குள் அமையும் என்று ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996இன் ஒலிக்கட்டுப்பாட்டு விதிகள், மருத்துவமனை, பள்ளி, பொது நூலகம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த 100 மீற்றரை அமைதி வலயமாக வகுத்தன. 2007இல் உயர் நீதிமன்றம் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி முழங்கலாகாது எனக் கட்டளையிட்டது. திருவிழாக் காலங்களில் இதனை மறப்பவருள் நம்மவரும் உளர் என்பதை மனம் கூசாது ஒப்புக்கொள்வோம். இறைவன் செவிக்கு எட்டுவதற்கு நான்கு திசைக்கும் ஒலிபெருக்கி வேண்டுமோ? அத்திசைகளில் உள்ள லயங்களிலே, இரவு முறை வேலை முடித்து உறங்குவோர் இருக்கின்றனர்.

தொழிற்சாலைகளிற் செய்யத்தக்கன பல. தேய்ந்த பற்சக்கரங்களைக் காலத்தில் மாற்றி நெய்யிடலாம். இயந்திரத்தின் அடியில் இரப்பர் மெத்தை அமைத்து அதிர்வைத் தணிக்கலாம். பேரிரைச்சல் செய்யும் விசிறிகளைத் தடுப்பிட்டு மறைக்கலாம். ஒருவரையே நாள்முழுதும் ரோலர் அருகில் நிறுத்தாது முறைமாற்றி நிறுத்தலாம். இரமசினியின் பஞ்சுக்கு ஈடாக இன்று மலிவான செவியடைப்பான்கள் உள. எனினும் அடைப்பான் இறுதி அரணே. ஓசையை அது பிறக்கும் இடத்தில் அடக்குவதே முதற்கடன். எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொழிலாளரின் செவியைச் சோதித்தல் வேண்டும். சிறிது சிறிதாய்க் குறையும் கேள்வியை அதனை இழப்பவர் தாமே உணர்வது அரிது.

சில திங்கள் கழித்து அத்தந்தையாரை யான் மீண்டும் வரவழைத்தேன். இம்முறை வகுப்பின் முன் நிறுத்தவில்லை. சாளரத்தருகே நாற்காலியிட்டு அமர்த்தி, என் முகத்தில் வெளிச்சம் படுமாறு எதிரே இருந்து, கத்தாமல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் திருத்தமாகச் சொன்னேன். என் வாயசைவைக் கூர்ந்து நோக்கி அவர் யாவற்றுக்கும் பொருத்தமாக விடையளித்தார். மகன் இலக்கணத்தில் வகுப்பிலேயே முதல்வன் என்று சொன்னபோது அவர் என்னை மறுபடி சொல்லுமாறு வேண்டினார். கேளாமையால் வேண்டினாரோ, கேட்டதன் இன்பத்தால் வேண்டினாரோ, அறியேன். மறுபடியும் சொன்னேன்.

இப்போது ஆண்டின் முதல் நாளில், ஒவ்வொரு மாணவனிடமும் பெற்றோரின் தொழில் யாதெனத் தனியே அழைத்துக் கேட்டுக் குறித்துக்கொள்கின்றேன். சாதியோ செல்வமோ அறியும் பொருட்டு அன்று. அவ்வீட்டில் யார் எந்த இயந்திரத்துக்குத் தம் செவியைக் கொடுத்திருக்கின்றனர் என அறியும் பொருட்டு. ஆசிரியரும் மருத்துவரும் துரைமாரும் தொழிற்சங்கத்தாரும் இவ்வொரு கேள்வியைத் தவறாது கேட்பாராயின், கார்ப்பியிற் பிறந்த அப்பெரியாருக்கு ஊவா மலைநாட்டில் அதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறொன்று வேண்டுவதில்லை.