எட்டுப் பேர் தொடங்கிய சங்கமும் ஒரு சிட்டுக்குருவியும்



சென்ற பொதுக்குழுவில் நம் காலனியை ஒட்டிய ஏரியைப் பற்றிப் பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சிலர், ஏரி அரசுக்குச் சொந்தம், வெறும் குடியிருப்போர் சங்கத்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். வேறு சிலர், சுற்றிலும் கம்பி வேலி போட்டு மாடுகளை உள்ளே விடாமல் தடுக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றீர்கள். வேலிக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வீட்டுக்கு வந்த பிறகு ஒருவருடைய வாழ்க்கையை மறுபடி படித்தேன். படித்து முடித்தபோது, தூக்கிய கையைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளத் தோன்றியது. அந்த வாழ்க்கையை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

முதலில் ஒரு சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1883-இல் பம்பாய் நகரவாசிகள் எட்டுப் பேர் கூடி, தாங்கள் கண்ட செடிகொடி, விலங்கு, பறவைகளைப் பற்றிக் குறிப்புகள் பரிமாறிக்கொள்ள ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். அவர்களிடம் காடும் இல்லை, அதிகாரமும் இல்லை. இருந்தது ஆர்வமும் எழுதி வைக்கும் பழக்கமும்தான்.

அதே ஊரில் 1896 நவம்பர் 12 அன்று சாலிம் அலி பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. மூன்று வயதுக்குள் பெற்றோர் இருவரையும் இழந்தார். தாய்மாமா அமீருத்தீன் தயாப்ஜியும் பிள்ளையில்லாத அத்தை ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள். மாமா வேட்டைப் பிரியர். சிறுவனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. ஏறக்குறைய பத்து வயதில் அவர் சுட்ட ஒரு சிட்டுக்குத் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. என்ன பறவை என்று தெரியாததால் மாமா அவரைக் கழகத்துக்கு அனுப்பினார்.

அங்கே கௌரவச் செயலாளராக இருந்த டபிள்யூ. எஸ். மில்லார்ட் என்ற ஆங்கிலேயர் சிறுவனை விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். வாசலில் வந்து நின்ற ஒரு பையனுக்கு ஒரு சங்கத்துக்காரர் ஒதுக்கிய கொஞ்ச நேரம்தான் இந்தியப் பறவையியலுக்கு ஒரு சாலிம் அலியைக் கொடுத்தது.

சம்பளமில்லாத வேலை

பிறகு அவர் வாழ்க்கை நேர்க்கோட்டில் போகவில்லை. பர்மாவில் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைப் பார்க்கப் போனார். தொழில் கைகொடுக்கவில்லை. 1918-இல் தெஹ்மினாவை மணந்தார். 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் முறையாகப் பறவையியல் கற்றார். 1930-இல் திரும்பி வந்தால் வேலையே இல்லை. பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்.

அந்த நிலையில் அவர் கண்ட வழியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று யாரும் முறையாகக் கணக்கெடுத்ததில்லை. கணக்கெடுப்பை நான் செய்து தருகிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம், முகாம் செலவையும் பயணச் செலவையும் மட்டும் அரசு ஏற்றுக்கொள்ளட்டும் என்றார். முதலில் ஹைதராபாத் நிஜாம் அரசு ஒப்புக்கொண்டது. பிறகு கொச்சி, திருவிதாங்கூர் என்று தொடர்ந்தது. செலவு அரசுடையது, உழைப்பு அவருடையது, பதிவுகளை வெளியிடும் இடம் கழகத்தின் இதழ். இன்று நாம் அரசு, தொண்டு நிறுவனக் கூட்டு முயற்சி என்று பெரிய பெயரில் அழைப்பதை அவர் அப்போதே செய்துகொண்டிருந்தார்.

முகாம்களுக்குத் தெஹ்மினாவும் கூடவே போனார். 1939-இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் இறந்தது சாலிம் அலியை உலுக்கியது. அதற்குப் பிறகு வந்ததுதான் 1941-இல் வெளியான, பறவை பார்ப்போர் இன்றும் கையில் எடுக்கும் இந்தியப் பறவைகள் நூல்.

பரத்பூரில் ஒரு வெற்றி

ராஜஸ்தானில் பரத்பூர் அருகே கேவலாதேவ் என்ற நீர்நிலை, சுமார் 29 சதுர கிலோமீட்டர். பரத்பூர் மன்னர்கள் அதை வாத்து வேட்டைக்காகவே பராமரித்தார்கள். 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆபத்து வேறு வடிவில் வந்தது. தண்ணீரை வடித்துவிட்டு நிலத்தை விவசாயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. நிலமில்லாதவர்கள் நிலம் கேட்டதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் வடித்த நீர்நிலையைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. சாலிம் அலி பிரதமர் நேரு வரை விஷயத்தைக் கொண்டுபோனார். எந்தப் பறவை, எப்போது, எங்கிருந்து வருகிறது என்ற பதிவுகள் அவரிடம் இருந்தன. இடம் தப்பியது. 1956-இல் சரணாலயம், 1981-இல் ராம்சார் ஈரநிலம், 1982-இல் தேசியப் பூங்கா, 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அதன் மதிப்பு உயர்ந்துகொண்டே போனது.

அதே இடத்தில் ஒரு பாடம்

இனி வருவதைத்தான் வேலிக்குக் கை தூக்கிய எல்லோரும் படிக்க வேண்டும்.

கேவலாதேவைச் சுற்றியுள்ள கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் எருமைகளை அங்கே மேய்த்து வந்தார்கள். எருமைகள் பறவைகளுக்குக் கெடுதல் என்பது அன்றைய பாதுகாவலர்களின் எண்ணம். சாலிம் அலியும் மேய்ச்சல் தடையை ஆதரித்தார். 1982-இல் தேசியப் பூங்கா ஆனதும் மேய்ச்சல் அடியோடு நிறுத்தப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தார்கள். மோதலில் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின.

அந்தச் சமயம் கழகம் அங்கே பத்தாண்டு ஆய்வு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. எருமைகள் போனபின் நடந்ததை ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் குறித்தார்கள். எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் மடமடவென்று பெருகியது. தண்ணீர்ப் பரப்பைப் பாய் விரித்தது போல் மூடியது. வாத்துகள் நீந்தவும் மீன்கள் வளரவும் இடம் குறைந்தது. எருமைகள் அந்த ஈரநிலத்தின் காவலாளிகளாகவும் இருந்திருக்கின்றன என்று தெரிந்தது. மேய்ச்சல் தடை தவறு என்று சாலிம் அலியின் சொந்தக் கழகமே எழுதியது.

அதைப் படிக்க அவர் இல்லை. 1987 ஜூன் 20 அன்று, தொண்ணூறு வயதில் மறைந்துவிட்டார். ஆனால் நம் கருத்துக்கு மாறாக வந்தாலும் பார்த்ததை மறைக்காமல் எழுத வேண்டும் என்ற பழக்கத்தை அந்தக் கழகத்தில் வேரூன்றச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். அந்த வகையில் அவருடைய பிழையை அவருடைய பழக்கமே திருத்தியது என்று நினைக்கிறேன்.

பின்னாளில் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துப் போக அனுமதி பெற்றார்கள். பூங்காவில் பரவிய சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றியதும் அவர்கள்தான். வெட்டிய மரம் அவர்களுக்கே. சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் பறவைகளின் பெயர் சொல்லிக் காட்டும் வழிகாட்டிகள் ஆனார்கள். நம் வேடந்தாங்கலிலும் பறவைகளைக் காத்தது முதலில் ஊர்மக்கள்தானே.

நம் பக்கத்தில் அவர் சுவடு

தமிழ்நாட்டிலும் அவர் உழைப்பின் தடம் உண்டு. 1967-இல் சரணாலயமான கோடியக்கரையில், வனத்துறையின் அனுமதியோடு கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டு, அவை போகும் வழியை ஆராய்ந்து வருகிறார்கள். கோவை ஆனைகட்டியில் 1990-இல் மத்திய அரசின் ஆதரவில் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி நம் ஏரிக்கு வருவோம். அரசிடம் அதிகாரம் இருக்கிறது. நம்மிடம் நேரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கின்றன. மாடு மேய்ப்பவரிடமும் தூண்டில் போடுபவரிடமும் நமக்குத் தெரியாத ஏரி இருக்கிறது. ஆகவே நான் கேட்பது இரண்டுதான். வாரம் ஒரு காலை, அரை மணி நேரம், ஏரியில் கண்ட பறவைகளைத் தேதி போட்டு எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். ஓராண்டுக் குறிப்போடு அதிகாரி முன் போய் நின்றால் நம் பேச்சுக்குத் தனி மதிப்பு இருக்கும்.

இரண்டாவது, வேலி மனுவில் கையெழுத்துப் போடும் முன், தினமும் அங்கே மாடு ஓட்டி வரும் அந்தப் பெரியவரை அடுத்த கூட்டத்துக்கு அழைப்போம். நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஏரியைப் பற்றி அவர் சொல்வதை முதலில் கேட்போம்.