ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரும் நியம வாழ்வும்

பெரியோர் சரித்திரங்களை ஓதுவார்க்கு அவர்தம் பெருஞ்செயல்களே முதற்கண் புலப்படும். அச்செயல்கட்கு நிலைக்களமாயிருந்த சிறு நியமங்களை ஊன்றி நோக்குவார் சிலரே. யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் சரித்திரத்தை அந்நோக்கங் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நாவலரவர்கள் 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார்கள். இளமையிலேயே தந்தையாரை இழந்தார்கள். வெஸ்லியன் மிஷன் ஆங்கில வித்தியாசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயமர்ந்து, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபொழுது உடனிருந்து துணைபுரிந்தார்கள். சைவ மக்கள் தஞ் சமயப் பொருளைத் தாமே அறியாதிருந்த நிலை அக்காலத்தே அவர்கள் உள்ளத்தைப் பெரிதும் வருத்திற்று.

அக்குறை தீர்த்தற்கு அவர்கள் முதற்கண் மேற்கொண்டது வாரந்தோறும் ஒரு மாலைப்பொழுதேயாம். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவாலயத்தில் முதற் பிரசங்கஞ் செய்தார்கள். பின்னர் வெள்ளிதோறும் அது நடைபெற்று வந்தது. நண்பராகிய கார்த்திகேய ஐயரும் அவர்களும் மாறிமாறிப் பேசினார்கள். சிவலிங்க வழிபாடு, தீக்ஷை, கொல்லாமை, கள்ளுண்ணாமை முதலியன அவற்றின் பொருள்களாம். கேட்டோர் சிலர் புலாலுங் கள்ளும் ஒழிக்கத் தலைப்பட்டனர் என்ப.

1848 ஆம் ஆண்டிலே ஊதியமுள்ள ஆசிரியத் தொழிலைத் துறந்து, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். மணம் புரிந்திலர், தம் வாழ்நாள் முழுதும் இதற்கே உரியதென ஒதுக்கினார்கள். 1849 ஆம் ஆண்டு அச்சியந்திரங் கொள்ளத் தமிழகஞ் சென்றவழி, திருவாவடுதுறை ஆதீனம் அவர்கட்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கிற்று. 1852 ஆம் ஆண்டிற் பெரியபுராண வசனம் வெளிவந்தது. 1864 ஆம் ஆண்டிற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை தோன்றிற்று.

இவ்வளவு செய்தவர்கள் சிறுவர்க்குரிய சிறு நூல்களை இழிவாக எண்ணினார்களில்லை. பாலபாடங்களைப் படிமுறையாக அமைத்தார்கள். நாட்கடன்களை ஒழுங்குபட உணர்த்தும் அநுட்டான விதியும், ஆலயத்துள் ஒழுகுமாறு கூறும் சிவாலய தரிசன விதியும் இயற்றினார்கள். வசனத்திற் சந்திகளைப் பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும் கற்போர் இடர்ப்பாட்டைக் குறைத்தார்கள். ஒரு சொல்லின் பிழையையும் பொறாது ஏடுகளை ஒப்புநோக்கும் பொறுமை அவர்கட்கு நாள்தோறும் பயின்ற பயிற்சியால் வந்ததென்று கொள்ளுதல் பொருந்தும்.

சரியை முதலிய நான்கனையும் சோபானமென நம் ஆன்றோர் வகுத்ததன் கருத்தை இச்சரித்திரம் இனிது விளக்குகின்றது. திருவலகிடுதலும் பூத்தொடுத்தலும் சிறு பணிகளே. அவற்றை இடையறாது இயற்றுதலே உள்ளத்தைப் பக்குவப்படுத்துவது. ஞானசாத்திரங்களின் நுண்பொருளை விரித்துரைக்க வல்லாரும் வைகறைத் துயிலெழுதலில் தளர்வாராயின், அவ்வுரை அவர்க்குப் பெரிதும் பயன்படாதென்க.

1879 ஆம் ஆண்டு ஆடிச் சுவாதியில், சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளிலே, நாவலரவர்கள் இறுதிப் பிரசங்கஞ் செய்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் மாதம் 5 ஆம் நாள் சிவபதமடைந்தார்கள். முதற் பிரசங்கத்திற்கும் இதற்கும் இடையே முப்பத்தோராண்டுகளுக்கு மேற் கழிந்தன. எடுத்த பணியோ கைவிடப்பட்டிலது. அன்பர்களே, பெரிய விரதங்களைத் தொடங்கி இடையில் நெகிழவிடுதலினும், நாள்தோறும் இயலுவதொரு சிறு நியமத்தைத் தெரிந்துகொண்டு அதனை வழுவாது காத்தல் நன்றாம்.